தண்ணி எந்தப் படிக்கு வந்துருக்குதுங்க?

மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டது என்று செய்தி வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் மனசு நிறையும். அணைக்குக் கீழே காவிரியின் இடது கரையில் இருக்கும் குமாரபாளையத்துக்கும் பள்ளிபாளையத்துக்கும் அதே செய்தி வேறு வேலையைக் கொடுக்கிறது. அங்கே கைப்பேசிகள் ஒலிக்கத் தொடங்கும். "தண்ணி எந்தப் படிக்கு வந்துருக்குதுங்க? சாமான் எல்லாம் மேல ஏத்தியாச்சா? அம்மாயி எங்க இருக்குது? வண்டி வேணும்னா சொல்லுங்க மாப்ள, அனுப்பி வெக்கறேன்." மேட்டில் குடியிருக்கும் ஒருவர் ஆற்றோரத்தில் குடியிருக்கும் நண்பரிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். பொதுப்பணித்துறை கன அடியில் சொல்லும் கணக்கை இவர்கள் படித்துறையின் படிகளில் சொல்லிக்கொள்வார்கள். இன்னும் நாலு படி பாக்கி என்றால் ஒரு ராத்திரி தூங்கலாம். இரண்டு படி என்றால் மூட்டை கட்ட வேண்டும்.

ஆற்றோரத்து நண்பரை விசாரிக்கும் இந்தப் பழக்கம் கைப்பேசியோடு வந்ததில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு நீண்ட கதை இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன்பு ஒரு மாதிரியும் பின்பு வேறொரு மாதிரியும் அந்தக் கதை நடந்திருக்கிறது.

இன்றைக்கு ஈரோடும் நாமக்கல்லும் தனி மாவட்டங்கள். 1979-க்கு முன் ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் 1997 ஜனவரி வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே காவிரி வெகுகாலம் சேலத்துக்கும் கோவைக்கும் எல்லை. எல்லைக்கோடு வரைபடத்தோடு சரி. கொள்வினை கொடுப்பினை, சந்தை, குலதெய்வம், பங்காளி வீடு எல்லாம் இரு கரைக்கும் பொதுவாகவே இருந்தன. குமாரபாளையத்துக்கு எதிரே பவானி, பள்ளிபாளையத்துக்கு எதிரே ஈரோடு, மோகனூருக்கு எதிரே வாங்கல் என்று ஊர்கள் ஜோடி ஜோடியாகவே நிற்கின்றன. நாமக்கல் கவிஞர் பிறந்த மோகனூரில் இருந்து அக்கரைக்குப் போக வெகுகாலம் பாலம் கிடையாது. கோடையில் மணலில் நடந்து போகலாம், தண்ணீர் ஓடும் மாதங்களில் பரிசல்தான்.

மூங்கில் பிளாச்சை வட்டமாகப் பின்னித் தோல் போர்த்திய பரிசல், பின்னாளில் தார் பூசிய சாக்குக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் மாறியது. பரிசல் துறையை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் கூலி வாங்கிக்கொண்டு ஓட்டுவார். ஆற்றின் குணம் ஊரில் யாரையும்விட இந்தப் பரிசல்காரருக்கு முன்னதாகத் தெரியும். தெளிந்து ஓடிய தண்ணீர் செங்காவி நிறத்துக்கு மாறினால் மேலே மலையில் மழை. நுரையும் சருகும் சேர்ந்து வந்தால் வரத்து ஏறுகிறது. வேரோடு மரம் மிதந்து வந்தால் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். பரிசல் கவிழ்ந்து கிடந்தால் அக்கரைச் சேதி நின்றுபோனது என்று பொருள். அக்கரையில் இருக்கும் சிநேகிதன் வீடு என்ன ஆனதென்று தெரிய, தண்ணீர் வடிகிற வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் குறைத்தவை ரயிலும் தபாலும். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை 1860-களின் தொடக்கத்தில் சேலத்தைத் தொட்டு, பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே காவிரியைத் தாண்டியது. ஆற்றோரத்தில் வந்த ரயில் நிலையத்தை வைத்தே பள்ளிபாளையத்தில் ஒரு பகுதிக்கு இன்றும் காவிரி ஆர்.எஸ். என்று பெயர். ரயிலோடு தந்திக் கம்பியும் வந்தது. 1879-இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்த பிறகு, எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் போதும், ஏழையும் 'இங்கு யாவரும் க்ஷேமம், அங்கு எப்படி' என்று கேட்டு எழுத முடிந்தது.

பிறகு 1924 வந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கொட்டிய மழை, தென்னிந்தியா கண்ட மிகப் பெரிய வெள்ளங்களில் ஒன்றைக் கொண்டுவந்தது. கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1099-இல் நடந்ததால் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். மலையின் மேற்கே இறங்கிய தண்ணீர் மூணாற்றையும் மலபாரையும் அழித்தது. கிழக்கே இறங்கியது குடகிலிருந்து காவிரியில் வந்தது. மேட்டூர்ப் பக்கம் விநாடிக்கு நாலரை லட்சம் கன அடிக்கு மேல் ஓடியதாகக் கணக்கு. இந்த அளவு எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால், 2018-இல் குமாரபாளையத்து வீதிகளைக் குளமாக்கிய வெள்ளம் சுமார் 2 லட்சம் கன அடி. 1924-இல் வந்தது அதைப்போல் இரண்டு பங்குக்கும் மேல். திருச்சியில் கொள்ளிடத்துப் பாலம் போனது. அதற்கு மாற்றாக 1928-இல் கட்டிய இரும்புப் பாலமும் தொண்ணூறு ஆண்டு நின்றுவிட்டு 2018 ஆகஸ்டு வெள்ளத்தில்தான் தூண் சரிந்தது. தெற்கே வெள்ளத்தில் தவித்தவர்களுக்காகக் காந்தி தன் பத்திரிகைகளில் நிதி திரட்டினார். வடக்கே குஜராத்தில் முகம் தெரியாத குழந்தைகள் மலபாருக்காகக் காசு கொடுத்தார்கள்.

1924-ஐ நினைத்தால் மனசை உறுத்துவது ஒன்றுதான். மைசூர் அரசும் சென்னை அரசும் அணை கட்ட வழிவிட்ட காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அதே ஆண்டு பிப்ரவரி 18. ஐந்தே மாதத்தில் வெள்ளம். மேட்டூரில் தண்ணீரைப் பிடிக்க ஒன்றும் இல்லை, மேலே மைசூரில் கண்ணம்பாடி அணையும் அப்போது முழுதாக எழும்பவில்லை. மலையில் பெய்தது தடுப்பார் இல்லாமல் சமவெளிக்கு வந்தது. மேலே என்ன வருகிறது என்று கீழே உள்ள கிராமத்துக்குச் சொல்ல ஏற்பாடு இருந்தது ரயில் நிலையமும் தந்தி ஆபீசும் இருந்த ஊர்களில் மட்டுந்தான். மற்ற ஊர்களில் ஆள் ஓடி வந்து சொன்னால் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரே பல இடங்களில் முதல் அறிவிப்பு.

மேட்டூர் அணை வேலை 1925-இல் தொடங்கி 1934 ஆகஸ்டு 21-இல் திறப்பு விழா கண்டது. உபரி நீரை வெளியேற்றும் பகுதியைத் திட்டமிட்டபோது பொறியாளர்கள் கண்முன் நின்றது 1924 வெள்ளம்தான். திட்டத்தை வடிவமைத்த கர்னல் எல்லிஸின் பெயரைத் தாங்கிய அந்த உபரிநீர்ப் போக்கியை ஊர்க்காரர்கள் 16 கண் மதகு என்பார்கள். அணையில் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். அது நிற்பதற்காக ஊர்கள் எழுந்து போக வேண்டியிருந்தது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டுவது அதனால்தான். ஒரே தெருவில் இருந்தவர்கள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள். பண்ணவாடியிலிருந்து அக்கரை நாகமரைக்கு நீர்த்தேக்கத்தின் மேல் போகும் பரிசலும் படகும், பிரிந்த உறவுகளையும் சேர்த்தே சுமந்தன.

அணை வந்த பிறகு வெள்ளத்தின் இயல்பு மாறியது. மேலே மழை பெய்த உடனே கீழே தண்ணீர் வராது. அணை நிறைய வேண்டும், நிறைந்த பிறகு திறக்க வேண்டும், திறப்பதற்கு முன் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் கபினியிலும் கண்ணம்பாடியிலும் திறந்த தண்ணீர் எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு மேட்டூர் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆக, இங்கே வெள்ளம் சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. இதைவிடப் பெரிய அனுகூலம் ஆற்றங்கரை மக்களுக்குக் கிடைக்காது. ஆனால் சொன்னது யார் காதில் விழுந்தது, விழுந்தவர் யாருக்குச் சொன்னார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அணை எவ்வளவு காப்பாற்றும், எப்போது காப்பாற்றாது என்பதற்கு 2018-ம் 2019-ம் பக்கத்துப் பக்கத்துப் பாடங்கள். 2018-இல் ஜூலை 23-ஆம் தேதியே அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. ஆகஸ்டில் மறுபடி பெருவெள்ளம் வந்தபோது உள்ளே இடமில்லை. வந்ததை வந்தபடி, ஏறத்தாழ 2 லட்சம் கன அடியை, அப்படியே திறந்துவிட்டார்கள். நீர்மின் நிலையங்களின் வழியே போகக்கூடியது சுமார் 22 ஆயிரம் கன அடிதான், மீதி எல்லாம் 16 கண் மதகில் பாய்ந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதற்குச் சற்றும் குறையாத வரத்து. ஆனால் அணையில் ஐம்பது சொச்சம் அடிதான் தண்ணீர் இருந்தது. சில நாளில் நீர்மட்டம் நூறடிக்கு ஏறியது, குமாரபாளையத்தில் ஒரு வாசலும் நனையவில்லை. ஆகவே விவரம் தெரிந்த ஆற்றோரத்துக்காரர் மழையை மட்டும் விசாரிக்க மாட்டார். அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று முதலில் கேட்பார்.

குமாரபாளையத்துக்குக் கீழே கணக்கு இன்னும் சிக்கலாகும். பவானி கூடுதுறையில் இன்னொரு ஆறு வந்து சேர்கிறது. பவானிசாகரிலும் அதே வாரம் தண்ணீர் திறந்தால் இரண்டு அணைத் தண்ணீரும் ஒன்றாக இறங்கும்.

பல ஆண்டுகள் ஆற்றில் தண்ணீர் குறைந்தே ஓடியதால் வீடுகள் ஆற்றை நோக்கி நகர்ந்தன. விசைத்தறி பெருகப் பெருக, கூலிக்கு வந்தவர்களுக்கு வாடகை குறைந்த இடமாக ஆற்றோரம்தான் கிடைத்தது. குமாரபாளையம் இந்திரா நகர், கலைமகள் வீதி, பள்ளிபாளையம் ஜனதா நகர், ஆவாரங்காடு என்று ஒவ்வொரு வெள்ளத்திலும் செய்தித்தாளில் அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்தத் தாழ்வான குடியிருப்புகள்தான். ஒரு லட்சம் கன அடி தாண்டினால் இங்கே கலக்கம் தொடங்கும்.

தறி ஓடும் வீட்டில் தண்ணீர் நுழையப் போகிறது என்றால் எதை முதலில் தூக்குவது? தறியை அசைக்க முடியாது, அது தரையோடு முடுக்கியது. மோட்டாரைக் கழற்றுவார்கள். அடுத்து நூல். ஊடை நூலும் கோன்களும் பரண் மேல் ஏறும். பாவு சுற்றிய உருளைதான் கஷ்டம். ஒருவர் தூக்கும் கனம் இல்லை, நனைந்துவிட்டால் போட்ட முதல் போச்சு, நூல் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த நேரத்தில்தான் நண்பர்கள் வருகிறார்கள். மேட்டுத் தெருப் பட்டறையில் தன் தறியை நிறுத்திவிட்டு நாலு பேர் வந்து, முழங்கால் தண்ணீரில் பாவைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துபோய்த் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் கூலி கிடையாது. அடுத்த முறை வேறு ஏதாவது தேவைக்கு இவர் போய் நிற்பார். இதற்கு யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

விசைத்தறிக்கு முந்தைய கைத்தறிக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். குழித்தறியில் நெசவாளியின் கால் இறங்கும் குழியில்தான் முதலில் ஊற்று கசியும். வெளியே மழை விட்ட பிறகும் குழியில் தண்ணீர் நிற்கும், தறி பல நாள் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு உலை வைத்த குடும்பங்கள் சேலத்துத் தறித் தெருக்களில் உண்டு.

கீழே பரமத்திவேலூர், மோகனூர்ப் பக்கம் வந்தால் கவலை வேறு. அங்கே ஆற்றங்கரை என்றால் வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோப்பும். ஜேடர்பாளையத்தில் இருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பல தலைமுறையாக ஊட்டி வளர்த்த பூமி அது. வாழை இரண்டு நாள் தாங்கும், கொடிக்கால் தாங்காது. வேரில் தண்ணீர் கட்டினால் கொடி அழுகிவிடும். அகத்தி நட்டு, அது வளர்ந்த பிறகு கொடி ஏற்றி, இலை கிள்ளும் பதத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வெள்ளம் வடிந்த மறுநாள் கொடிக்கால்காரரைப் பார்க்க வருபவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார மாட்டார்கள். மண்வெட்டியோடு வந்து நேரே தோட்டத்தில் இறங்கி வடிகால் வெட்டுவார்கள். விசாரிப்பு அந்த வேலையிலேயே அடங்கிவிடும்.

அரசாங்கத்தின் எச்சரிக்கை ஊருக்கு வந்து சேர்ந்த வழி நெடுங்காலம் தண்டோரா. தாலுகா ஆபீசில் இருந்து தாக்கல் வரும், ஊரில் ஒருவர் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போவார். ஊரையே எழுப்பி உயிர் காத்த அந்தக் குரலுக்கு உரியவர் பெரும்பாலும் ஊர் ஒதுக்கி வைத்த தெருவைச் சேர்ந்தவர். அவர் வீடும் தாழ்வான இடத்தில்தான் இருக்கும். ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தன் குடும்பத்தைப் பார்க்க அவர் கடைசியில் போனார் என்பதை ஆற்றங்கரை வரலாறு எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைப் பயன்படுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது சரியான முடிவு. அதே மாதம், ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு, மேட்டூரில் இருந்து மறுபடி 2 லட்சம் கன அடி திறந்தார்கள். ஆற்றோர வீதிகளில் ஒலிபெருக்கி ஆட்டோக்கள் சுற்றின, பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாயின. பூலாம்பட்டிக்கும் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே ஓடும் விசைப்படகு, பெருவெள்ள நாட்களில் எப்போதும் நிற்பதுபோல், நின்றது.

இதுவரை சொன்னது பெரிய ஆற்றின் கதை. சின்ன ஆறுகள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியாக வருகிறது. இவற்றுக்கு மேலே மேட்டூர் மாதிரி அணை இல்லை. ஏற்காட்டில் ராத்திரி கொட்டினால் விடியும் முன்னே சேலத்தில் தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நடந்தது அதுதான். கன அடிக் கணக்கும் ஒலிபெருக்கியும் வந்து சேர நேரமில்லாத இடத்தில், கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரர்தான் எச்சரிக்கை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய அனுபவம் இல்லை. 1995 ஜனவரி 17-இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிபாட்டில் இருந்து உயிரோடு மீண்டவர்களில் மிகப் பெரும்பாலோரைத் தூக்கியது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் திணறிப்போனதைப் பார்த்த ஜப்பான், 1998-இல் 171 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. பேரிடர் நேரத்தில் அதைச் சுழற்றி 'நான் நலம், இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று குரலில் பதிந்து வைத்தால், தேடுகிற நண்பர் தன் வசதிக்குக் கேட்டுக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஃபேஸ்புக்கில் 'பத்திரமாக இருக்கிறேன்' என்று அழுத்தும் வசதி உதவியதும் இதே வழியில்தான். வெளியூர்களில் இருந்த நண்பர்கள் அதைப் பார்த்து மூச்சுவிட்டார்கள்.

நம் பக்கம் தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது. திருச்சி வானொலியில் செய்தி கேட்டு அணைக் கணக்கைத் தெரிந்துகொண்ட தலைமுறையும் மூப்படைந்துவிட்டது. பாலத்தின் மேல் நின்று எடுத்த ஒரு நிமிடப் படம் இன்று துபாயில் இருக்கும் பள்ளிபாளையத்துக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. 2018-இல் எடுத்த படம் ஒவ்வொரு ஆடியிலும் புதிதுபோல் சுற்றி வருகிறது. ஆற்றோரத்தில் இருக்கும் நண்பரையே கூப்பிட்டுக் கேட்பதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

கேட்க ஆள் இல்லாதவர்களும் அதே கரையில் இருக்கிறார்கள். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் நூற்பாலையிலும் தறிப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் இன்று வேலை செய்பவர்களில் ஒடிசா, பீகார்க்காரர்கள் ஏராளம். ஒலிபெருக்கி பேசும் தமிழ் அவர்களில் பலருக்குப் புரியாது. மேட்டுத் தெருவில் அவர்களுக்கு மாப்ள இல்லை, பங்காளி இல்லை. இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் கதவடைத்துத் தூங்குகிற அறையில் அவர்களை யார் எழுப்புவது? பிள்ளைகள் வெளியூரில் இருக்க ஒற்றையாய்க் குடியிருக்கும் முதியவர்கள் நிலையும் இதுதான். வருவாய்த்துறை முகாமுக்கு ஆள் சேர்க்கும்போது குடும்ப அட்டைக் கணக்கில் வராத இந்த அறைகளையும் ஒரு முறை எண்ணிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நகராட்சிகள் இந்தியிலும் ஒடியாவிலும் பதிந்த அறிவிப்பை அதே ஒலிபெருக்கியில் போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

2024 ஜூலை 30-இல் அணை நிறைந்தது. 2025-இல் ஜூன் மாதமே, ஜூன் 29-இல், நிறைந்துவிட்டது. இப்படிச் சீக்கிரம் நிறைகிற ஆண்டுகளில் ஆடி மழைக்கு அணையில் இடம் இருக்காது. ஆற்றோரத்தில் நண்பர் இருப்பவர்கள் அவருடைய எண்ணோடு அவர் பக்கத்து அறைக்காரர் எண்ணையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.